வெள்ளிக்கிழமை டீச்சர்

கோட்டும் டையுமாக வகுப்பு வாசலில் நின்ற மனிதரைப் பார்த்ததும் ஒப்துலியா பதறியடித்து எழுந்தாள். கோட்டின் கை நீண்டு அவர் விரல்களை மூடியிருந்தது. மலைக் குளிருக்கு இழுத்துவிட்டிருப்பார் போல.

"புது மேற்பார்வையாளர் நான். எடெல்மிரா டீச்சர் நீங்கதானே?"

"ஆ... ஆமா சார்."

பச்சைப் பொய். எடெல்மிரா அவளுடைய அக்கா. இவள் ஊர்ப் பெண்களுக்கு முடி வெட்டிப் பிழைக்கிறவள், எட்டாம் வகுப்போடு படிப்புக்குப் பெரிய கும்பிடு போட்டவள்.

வேராகுரூஸ் மலையில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற அந்தப் பள்ளிக்கு ஒரே ஒரு ஆசிரியர்தான். ஏழு, எட்டு, ஒன்பது என மூன்று வகுப்பும் ஒரே அறையில். கணக்கு, அறிவியல், வரலாறு, மொழி எல்லாம் ஒரே தலையில். பாவம், எடெல்மிரா எத்தனைதான் தெரிந்துவைத்திருப்பாள்?

அதனால்தான் எல்லாப் பாடங்களையும் சேர்த்துச் சொல்லித்தரும் முதுகலைப் படிப்பில் சேர்ந்தாள். வகுப்போ வெள்ளிக்கிழமைகளில், ஹலாபா நகரத்தில். லீவு கேட்டதற்கு வட்டார அலுவலகம் கையை விரித்துவிட்டது. சொல்லாமல் போய் மாட்டினால் வேலையே போய்விடும்.

"பாடத்தை எல்லாம் கவர்மெண்டு டிவியிலயே நடத்திடுவாங்கடி. நீ பட்டனை அமுக்கிட்டு ஓரமா நில்லு, போதும்" என்று சொல்லித்தான் தங்கையை நிறுத்திவிட்டுப் பஸ் ஏறுவாள் அக்கா. இத்தனை நாளும் அப்படித்தான் ஓடியது. ஊர் மொத்தமும் வாயை மூடிக்கொண்டு ஒத்துழைத்தது.

முந்தின நாள் மழையில் போன கரண்டு இன்று பார்த்தா வராமல் இருக்க வேண்டும்? டிவி கறுப்பாக, கமுக்கமாக உட்கார்ந்திருந்தது.

"சார், சூடா சோளக் கஞ்சி கொண்டுவரச் சொல்லவா? மலையேறி வந்திருக்கீங்க."

"வேண்டாம் டீச்சர். நீங்க நடத்துங்க. நான் இங்க இல்லைன்னே நினைச்சுக்குங்க." மேற்பார்வையாளர் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார்.

அப்படி நினைத்துக்கொள்ள முடிந்தால்தான் தேவலையே! ஒப்துலியா பிள்ளைகளைப் பார்த்தாள். எந்தத் தலைக்கு முடி வெட்ட வேண்டும் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. கைக்கு வந்த புத்தகத்தைப் பிரித்தாள், பாழாய்ப்போன கணக்கு.

"பின்னத்தைப் பின்னத்தால வகுக்கறது" என்று படித்தாள். "ரெண்டாவது பின்னத்தைத் தலைகீழாத் திருப்பிப் பெருக்கணும். அவ்வளவுதான், சுலபம்."

முன் வரிசையில் சித்லாலி எழுந்து நின்றாள். வந்திருப்பது யாரென்று அவளுக்கும் தெரியும். ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் அந்தப் பெண்ணுக்கு அடக்கத் தெரியாது.

"ஏன் டீச்சர் தலைகீழாத் திருப்பணும்?"

"திருப்பினாத்தான் விடை வரும்."

"திருப்பலைன்னா ஏன் வராது?"

பக்கத்துப் பெண் சித்லாலியின் காலை நறுக்கென்று மிதித்தாள். "ஆ!" என்றாளே தவிர, மகராசி உட்காரவில்லை.

ஒப்துலியா கரும்பலகைப் பக்கம் திரும்பி ஒரு பின்னத்தை எழுதினாள், அழித்தாள், மறுபடியும் அதையே எழுதினாள். அழுத்திய அழுத்தில் சாக்பீஸ் உடைந்து விழுந்தது. "அது... வந்து... முதல்ல வரலாறு பார்ப்போமா?" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"சாருக்குத் தெரியுமே! சார் சொல்லட்டும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மேற்பார்வையாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் பார்க்கத்தான் வந்திருக்கேன். டீச்சர்தான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சரிதான், வேண்டுமென்றே சோதிக்கிறார் என்று நினைத்தாள் ஒப்துலியா. அக்கா இந்த வேலைக்கு அலைந்த அலைச்சல் கொஞ்சமா? எல்லாவற்றிலும் தன் கையாலேயே மண்ணைப் போடுகிறோமே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

மேற்பார்வையாளர் எழுந்து வந்தார். "டீச்சர், கொஞ்சம் வெளியே வாங்க."

தாழ்வாரத்துக்கு வந்ததுதான் தாமதம், அவள் உடைந்துபோனாள்.

"சார், மாதா மேல ஆணை, இனிமே மறைக்க மாட்டேன். நான் டீச்சர் இல்ல, அவ தங்கச்சி. அக்கா ஹலாபாவுக்குப் படிக்கப் போயிருக்கா. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், அவ வேலையைப் பறிச்சிடாதீங்க. இந்தப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கத்தானே படிக்கிறா, ஊர் சுத்தவா போனா?"

அவர் ஓர் அடி முன்னால் வந்தார்.

"வெள்ளிக்கிழமை வகுப்பா? எல்லாப் பாடமும் சேர்த்து நடத்துறாங்களே, அதுவா?"

"அதேதான் சார்."

அவர் சுவரில் சாய்ந்து, டையை இழுத்துத் தளர்த்தி, பெருமூச்சு விட்டார். உள்ளே பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"அழாதம்மா. நான் லாரி ஓட்டுறவன். நிஜ மேற்பார்வையாளரு எங்க அண்ணன். அவனும் அந்த வகுப்புலதான் உட்காந்திருக்கான்!"