வால்நட் பரம்பரை

பட்டாளம் கழித்துப் போட்ட துப்பாக்கிகள் ஒரு கிடங்கில் சாய்ந்து நின்றன. அவற்றில் நெட்டைத் துப்பாக்கியின் மரக்கட்டைக்குப் பெருமை தாங்கவில்லை.

"நான் சீமையில் வளர்ந்த வால்நட் மரமாக்கும்! நிறத்தைப் பார், வரியைப் பார்!" என்றது.

"இரும்பில் ஓர் எண், உங்கள் மேல் வேறோர் எண் இருக்கிறதே அண்ணே?" என்றது பக்கத்திலிருந்த குட்டைத் துப்பாக்கி. "பழுது பார்த்தபோது உங்களை எங்கிருந்தோ கொண்டுவந்து மாட்டியிருப்பார்கள்."

"பொறாமைப்படாதே, தம்பி!"

அப்போது சுவர் ஓட்டையிலிருந்து மரம் துளைக்கும் வண்டு ஒன்று எட்டிப் பார்த்தது. "வால்நட் என்று காதில் விழுந்ததே! தின்னத் தின்ன இனிக்குமே. யாரப்பா அது?"

வண்டு குடியேறினால் கடைசியில் பொடிதான் மிஞ்சும். கட்டை பதறிக் கூவியது. "நானில்லை! நான் வேம்பு, சுத்த வேம்பு!"

"வேம்பா? நல்லதாய்ப் போயிற்று. நேற்றுத் தின்ற பலாமரம் இன்னும் செரிக்கவில்லை. முதலில் மருந்துக்கு ஒரு கடி. அப்புறம் வால்நட்டைத் தேடிக்கொள்கிறேன்."

இனிப்புத் தெரிந்தால் தொலைந்தோம் என்று கட்டை பயந்தது. வண்டு கடித்தது. உடனே அதன் முகம் கோணிக்கொண்டது.

"தூ! தூ! சொன்ன சொல் தவறாதவனப்பா நீ. அசல் வேம்பு!" பசியே செத்துப்போய், வந்த ஓட்டைக்குள்ளேயே ஓடிவிட்டது வண்டு.

குட்டைத் துப்பாக்கி குலுங்கிச் சிரித்தது. "உயிரும் பிழைத்தது, பரம்பரையும் தெரிந்துவிட்டது அண்ணே!"

வண்டு போய்விட்டதா என்று கட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டது. பிறகு, "வயிறு கெட்ட வண்டுக்கு நாக்கு மட்டும் சரியாக இருக்குமா என்ன?" என்றது, ஓட்டைப் பக்கம் கேட்காதபடி மெதுவாக.