கடைமடைக்கு வந்த தண்ணீர்

வாய்க்காலின் கடைமடையில் ஓர் அளவுகோல் நின்றது. தண்ணீர் இரண்டு சாணுக்குக் கீழே இறங்கினால், வாய்க்கால் தண்ணீரை மேலேயே உறிஞ்சிக்கொள்ளும் தலைமடை மோட்டாரின் சுவிட்சுப் பெட்டிக்கு அது உடனே சேதி அனுப்பும். பெட்டி மோட்டாரை நிறுத்திவிடும். ஊர் கூடிப் போட்ட விதி அது.

அன்று அளவுகோலின் காலடியில் வெறும் சேறுதான் இருந்தது. சுற்றிலும் பயிர் வாடித் தலை சாய்ந்திருந்தது.

"பெட்டியண்ணே, இங்கே சொட்டுத் தண்ணிகூட இல்லை!" என்றது அளவுகோல்.

மோட்டார் குறுக்கே உறுமியது. "டேய் குச்சி! நான் பத்துக் குதிரைச் சக்தி. ரெண்டு சாண் இருக்குன்னு சொல்லிட்டுப் போ."

அளவுகோல் சேற்றில் நிமிர்ந்தே நின்றது. "இல்லாததை இருக்குன்னு சொல்ல எனக்கு வராதுங்க," என்றது.

மோட்டார் பெட்டியின் பக்கம் திரும்பியது. "நாம ரெண்டு பேரும் ஒரே கொட்டகையில இருக்கோம். மறந்துடாதே."

"மறக்கல," என்ற பெட்டி, டக்கென்று மின்சாரத்தை நிறுத்தியது.

சாயங்காலம் தண்ணீர் சலசலவென்று வந்து அளவுகோலின் காலை நனைத்தது. அதற்குக் கூத்தாட வேண்டும்போல் இருந்தது.

"ஒரு சாண் வந்துடுச்சுண்ணே!"

"மோட்டார் கெஞ்சுறான் தம்பி. ஓட விடவா?"

"இன்னும் ஒரு சாண் ஏறட்டும்ணே," என்றது அளவுகோல். "பயிர் இப்பத்தான் குடிக்க ஆரம்பிச்சிருக்கு."