ரெண்டு நொடி வேலை

"கிளையன்ட்டுக்குக் கண்ணு கூசுதாம். நாம செஞ்சு குடுத்த வெப்சைட்டுக்கு டார்க் மோட் கேக்கறாங்க. எத்தனை நாள் ஆகும்?" என்றார் மேனேஜர். ஆபீசில் அவருக்கு 'மின்னல்' என்று பெயர். அவருக்கு மட்டும் தெரியாது.

"ரெண்டு வாரம் சார்," என்றாள் புரோகிராமர். "ஒவ்வொரு பக்கமா நிறம் மாத்தணும். தங்கச்சி கல்யாண லீவு முடிஞ்சு வந்ததும்..."

"லீவா? அதைக் காலையிலேயே ரிஜெக்ட் பண்ணிட்டேன். இங்க பாரு!"

மின்னல் தன் பிரவுசரில், பக்கத்தின் நிறம், எழுத்தையெல்லாம் மாற்றிப் பார்க்கிற டெவலப்பர் டூல்ஸைத் திறந்தார். ஏதோ வீடியோவில் பார்த்த வித்தை. ஒரே தட்டு, வெப்சைட் முழுக்கக் கருப்பானது.

"ரெண்டு நொடி! இதுக்கு உனக்கு ரெண்டு வாரமா? யார் காதுல பூ சுத்தற?"

அவள் வாயைத் திறப்பதற்குள், 'வேலை முடிந்தது' என்று கிளையன்ட்டுக்கு மெயில் பறந்துவிட்டது.

அவள் தன் சீட்டுக்குப் போனாள். சற்று நேரத்தில் லேப்டாப்போடு திரும்பி வந்தாள்.

"லீவு அப்ரூவ் ஆயிருக்கு சார். நான் கிளம்பறேன்."

மின்னல் எட்டிப் பார்த்தார். லீவுப் பக்கத்தில் 'அப்ரூவ்ட்' என்று பச்சை எழுத்து பல்லைக் காட்டியது.

"யார் மாத்தினது?"

"நான்தான் சார். நீங்க காட்டின அதே டூல்ஸ்லதான். ரெண்டே நொடி."

"என்னைக் கேனயன்னு நெனச்சியா? உன் ஸ்கிரீன்ல மட்டும் மாத்திட்டா ஊருக்கே மாறிடுமா?"

மேஜை மேல் போன் அலறியது. ஸ்பீக்கரில் கிளையன்ட்.

"முடிஞ்சுதுன்னு மெயில் போட்டீங்க. இங்க எல்லாருக்கும் வெள்ளையாத்தானே இருக்கு?"

மின்னல் அவளைப் பார்த்தார்.

"இப்ப எங்கிட்ட சொன்னீங்களே சார்," என்றாள் அவள், "அதையே அவங்ககிட்டயும் சொல்லிடுங்க."