ஆட்சேபம் எழுத்தில் தரவும்

பள்ளிக்கூடத்துச் சுற்றறிக்கையை யாரும் படிப்பதில்லை என்றொரு நம்பிக்கை நிலவுகிறது. பெரும் பிழை. அப்பாக்கள் படிப்பதில்லை என்பதே சரி. அம்மாக்கள் படிக்கிறார்கள். இந்த அம்மா மூன்று முறை படித்தாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. காப்பீட்டு அலுவலகத்தில், பிறர் எழுதிய விண்ணப்பங்களில் குறை கண்டுபிடிப்பது அவளுடைய உத்தியோகம்.

இரண்டாம் வகுப்பின் ஆண்டிறுதிச் சுற்றறிக்கை அது. நூலகப் புத்தகங்களைத் திருப்பித் தரவும். கேட்பாரற்றுக் கிடக்கும் ஒன்பது தண்ணீர் பாட்டில்களை அடையாளம் பார்த்து எடுத்துப் போகவும். கடைசி நாள் அரை நாள்தான். பிள்ளைகளைக் கூட்டிப்போக மறக்க வேண்டாம். இப்படிப் பத்து. பத்தாவது இது: "பள்ளி வழக்கப்படி, வகுப்பு டீச்சரே குழந்தைகளோடு மூன்றாம் வகுப்புக்கும் வருவார். ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் தரவும்."

அம்மாவுக்கு ஆட்சேபம் இருந்தது.

"இதைப் பாருங்க. பத்து வரி, பத்துக் கையெழுத்து. எல்லாம் பசங்க எழுதினது" என்றாள் கணவனிடம்.

"அழகாத்தானே இருக்கு."

"அட்டெண்டன்ஸ் எடுக்கறது பசங்க. டிக்டேஷன் நோட்டு திருத்தறது பசங்க. இப்ப இதுவும் பசங்க. அந்தம்மா என்னதான் பண்றாங்க?"

"பசங்க படிக்கறதைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பாங்களாம். கண்ணை மூடிக்கிட்டு."

"தூங்கறாங்கன்னு சொல்லுங்க."

"டீச்சர் ஒண்ணும் தூங்கல" என்றது மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல். மகள். ஏழு வயது, வீட்டில் வாண்டு.

"பின்ன எதுக்குடி கண்ணை மூடறாங்க?"

"சொல்ல மாட்டேன். எனக்கு மூணாவதுலயும் அவங்கதான் வேணும்."

"நீ சும்மா இரு."

கடிதம் அன்றைக்கே தயாரானது. பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருப்பவர்களைப் போலக் கையெழுத்துப் போட ஓய்வுள்ளவர்கள் உலகத்தில் வேறு இல்லை. வகுப்பில் முப்பத்து நான்கு குழந்தைகள். வியாழக்கிழமைக்குள் இருபத்திரண்டு பெற்றோர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

அன்று மாலை மகளையும் கூட்டிக்கொண்டு அம்மா வகுப்புக்குப் போனாள். சுவரிலிருந்து படங்களை எடுத்துவிட்டிருந்தார்கள். நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தன. டீச்சர் மட்டும் இருந்தாள்.

"இது எங்க ஆட்சேபம்" என்று கடிதத்தை நீட்டினாள் அம்மா.

டீச்சரின் கை கடிதத்துக்கு ஒரு சாண் இடப்பக்கமாகப் போய்க் காற்றைத் தடவியது. வாண்டு அந்தக் கையைப் பிடித்து, காகிதத்தை அதற்குள் வைத்தாள். தினமும் செய்கிறவளைப் போல.

அம்மா டீச்சரின் கண்ணைப் பார்த்தாள்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க. ஆறு மாசமா எழுத்து தெரியறதில்லை. ஆளுங்க நிழல் மாதிரி தெரிவாங்க. லீவு விட்ட மறுநாள் கண் ஆபரேஷன்" என்றாள் டீச்சர். "பெரிய டீச்சருக்குத் தெரியும். நடுவுல போனா பசங்க திணறுவாங்களேன்னு அவங்களும் ஒத்துக்கிட்டாங்க."

"பசங்களுக்குத் தெரியுமா?"

"நான் சொல்லலை. ரெண்டே நாள்ல கண்டுபிடிச்சிட்டாங்க. வெளிய சொல்லாதீங்கன்னும் நான் கேக்கலை. அவங்களுக்குள்ளயே பேசி வச்சுக்கிட்டாங்க போல."

முப்பத்து நான்கு பேர். ஆறு மாதம். ஒரு வீட்டிலும் ஒரு சொல் சிந்தவில்லை.

அம்மா மகளைப் பார்த்தாள். அப்பாவின் பிறந்த நாளுக்கு என்ன வாங்கியிருக்கிறோம் என்பதை வாசற்படியிலேயே ஒப்பித்துவிடுகிற பெண் அவள்.

டீச்சர் காகிதத்தை வாண்டிடம் கொடுத்தாள். "என்ன எழுதியிருக்கு, படி கண்ணு."

"இல்ல டீச்சர், நானே சொல்லிடறேன்" என்று அம்மா கையை நீட்டினாள்.

"இவ படிக்கட்டும். வகுப்புலயே இவ படிச்சாத்தான் எனக்குத் தெளிவாக் கேக்கும்."

போன வருடம் ஒரு வரி படிப்பதற்குள் இரண்டு தடவை தண்ணீர் குடிக்கப் போனவள் இந்த வாண்டு.

அவள் முதலில் மனதுக்குள் படித்தாள். முதல் வரியில் 'பொறுப்பற்ற' என்று இருந்தது. இரண்டாம் வரியில் 'சோம்பல்'. நிமிர்ந்து அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள்.

பிறகு வாண்டு தொண்டையைச் செருமிக்கொண்டாள். வரிக்கு அடியில் விரலை வைத்து நகர்த்தியபடியே, ஓர் இடத்திலும் திக்காமல் படித்தாள்.

"மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு, எல்லா அப்பா அம்மாவும் எழுதிக்கொள்வது. நீங்கள் மூன்றாம் வகுப்புக்கும் கட்டாயம் வர வேண்டும். வேறு டீச்சர் வந்தால் எங்கள் பிள்ளைகள் அழுவார்கள். நீங்கள் கேட்பதால்தான் அவர்கள் நன்றாகப் படிக்கிறார்கள். எங்கள் வீட்டில் யாரும் அப்படிக் காது கொடுத்துக் கேட்பதில்லை."

பக்கத்தைத் திருப்பினாள்.

"இப்படிக்கு, இருபத்திரண்டு பேர்."

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"ஆட்சேபம்னு சொன்னதும் பயந்துட்டேங்க" என்றாள் கடைசியில். "இதைப் பெரிய டீச்சர் மேசையில வச்சிட்டுப் போங்க. நாளைக்கு இதைப் பாத்துத்தான் முடிவு பண்ணுவாங்க."

அம்மா மகளின் கையிலிருந்து காகிதத்தை வாங்கி நாலாக மடித்தாள்.

"சின்னத் திருத்தம் இருக்கு டீச்சர். நாளைக்கே கொண்டுவந்து தர்றேன்."

வெள்ளிக்கிழமை அம்மா அலுவலகத்துக்கு விடுப்புச் சொன்னாள். வாண்டு சொல்லச் சொல்ல, ஒரு வார்த்தையும் மாற்றாமல் எழுதி எடுத்துக்கொண்டு, மற்ற இருபத்தொரு வீட்டுக் கதவையும் தட்டினாள். எதற்கு இந்த மனமாற்றம் என்று எல்லா வீட்டிலும் கேட்டார்கள்.

அவள் ஒரு வீட்டிலும் சொல்லவில்லை.