ஆறு டெசிபல்

அந்த ஆள் இன்றைக்குப் பத்தடி தூரத்தில் நின்றார். நேற்று இருபதடி. முந்தாநாள் வேப்பமரத்து நிழலில், நாற்பதடி தள்ளி.

ஜன்னலை ஒருக்களித்துவிட்டு கிரீஷ் கணினி முன் வந்து உட்கார்ந்தான். பரவை மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள இந்தக் கொட்டகையில்தான் அவன் கோயில்களுக்கும் மண்டபங்களுக்கும் போகும் ஸ்பீக்கர்களை அளவு பார்த்துக் கொடுக்கிறான். தினமும் மூன்று மணிக்கு மீனாட்சி படத்தின் முன் விளக்கேற்றிவிட்டு, கணினியில் உண்டாக்கிய இரைச்சலை அரை மணி நேரம் ஓடவிடுவான். தகரக் கூரையில் விடாமல் மழை பெய்வது போலிருக்கும்.

அந்த இரைச்சலின் சக்தி எவ்வளவு என்று முதலில் கணக்குப் போட வேண்டும். பிறகு மைக் வைத்து, மீட்டர் காட்டுவது கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். மைக்கைப் பாதித் தூரத்துக்கு நகர்த்தினால் அளவு ஆறு டெசிபல் கூடும். இந்தத் தொழிலின் அரிச்சுவடி அது.

கொட்டகைக்காரர் அழகுபாண்டி முதல்நாளே சொல்லிவிட்டார், சத்தமென்று ஒரே ஒரு புகார் வந்தாலும் காலி செய்துவிட வேண்டுமென்று. வேறு இடம் கேட்டு கிரீஷ் ஏறி இறங்காத வாசல் இல்லை.

அதனால்தான் திங்கட்கிழமை அந்த ஆளைக் கண்டதும், மறுநாள் ஆறு டெசிபல் குறைத்தான். அவர் பாதித் தூரம் நெருங்கி வந்தார். இன்று இன்னும் ஆறு குறைத்தான். அதிலும் பாதி நெருங்கிவிட்டார். கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, இரைச்சல் ஓயும்வரை அசையாமல் நிற்கிறார்.

டீக்கடையில் விசாரித்துவிட்டு வந்தாள் அவன் மனைவி பிருந்தா. பெயர் தவசியாம். திருவாதவூர்ப் பக்கத்து ஆள். இப்போது பின்தெருவில் மகள் வீட்டில் இருக்கிறாராம்.

"முப்பது வருசம் பாறைக்கு வெடி வெச்ச கையாம்ங்க. நிக்கிறதப் பாத்தா சாமி வரப் போற ஆள் மாதிரி இருக்கு. ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை சொல்லி வைங்க."

கிரீஷுக்கு மனம் வரவில்லை. "வயசானவரு. நம்ம சத்தம் அவருக்குத் தொந்தரவுன்னா நாமதான குறைக்கணும்?"

வியாழக்கிழமை மேலும் ஆறு குறைத்தான். திண்டுக்கல் ரோட்டில் போகும் பஸ் சத்தமே அந்த இரைச்சலை விழுங்கியது. மீட்டர் காட்டியது எதுவும் உதவவில்லை. மறுநாள் கும்பாபிஷேகத்துக்குப் போக வேண்டிய ஸ்பீக்கர்கள் அப்படியே நின்றன.

ஜன்னல் வழியே பார்த்தான். பத்தடியில் யாரும் இல்லை. வாசல்படியில் ஒரு நிழல் விழுந்திருந்தது.

கதவு தட்டப்பட்டது. பிருந்தா கைபேசியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கிரீஷ் ஓடிப்போய் இரைச்சலை அடியோடு நிறுத்தினான். நிறுத்தியதும் வெளியே ஒரு முனகல் கேட்டது.

கதவைத் திறந்தான். பல்லைக் கடித்தபடி நின்றிருந்தார் தவசி. அவருடைய வலது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"மன்னிச்சுக்கங்க ஐயா," என்றான் கிரீஷ். "இனிமே இங்கிருந்து சத்தமே வராது."

அவர் முகம் இருண்டது. பின்னால் இருந்த கை மெல்ல முன்னே வந்தது. அதில் ஒரு மஞ்சப்பை. பை நிறையக் கொய்யாப்பழம். அதை அவன் கையில் திணித்துவிட்டுச் சொன்னார்:

"கூட்டி வைங்க தம்பி, எங்காதுக்குள்ள எந்நேரமும் கத்துற வண்டு இதக் கேட்டாத்தான் அடங்குது."