பஞ்சாப்காரனுக்கு ஒரு ரீசார்ஜ்

"பைய வாலே, பைய! எடப்பக்கம் ஒளிஞ்சிருக்கான் பாரு!"

ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கையடக்க கேம் பெட்டியை இப்படியும் அப்படியும் சாய்த்தபடி சோபாவில் குதித்துக்கொண்டிருந்தார் கார்த்திகேசன். காலேஜில் கணக்குப் பேராசிரியர் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அவர் மனைவி விஜயஸ்ரீக்குப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

செல்போனை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். "இந்தப் பெட்டிக்கு ஒரு சிம்முதானே? மாசாமாசம் ரெண்டு ரீசார்ஜ் போயிருக்கு. ரெண்டும் நானூத்தம்பது. இன்னொண்ணு யாருக்கு?"

கார்த்திகேசன் பட்டென்று மைக்கை அணைத்துவிட்டு ஹெட்போனைக் கழற்றினார்.

"அது வந்து... கூட ஆடுத பஞ்சாப்காரனுக்கு. யாருக்குப் பாயின்ட் கம்மியோ, அவன் மத்தவனுக்கு டேட்டா போடணும்னு ஒரு பந்தயம்."

"அதென்ன, மாசாமாசம் நீங்களேதான் தோக்குதீயளோ?"

"அவன் கெட்டிக்காரன்ட்டீ" என்றார், பெட்டியைத் தடவிக்கொண்டே.

பணம்கூட அவளுக்குப் பெரிதில்லை. வருகிற வெள்ளிக்கிழமை சாஸ்தா கோயிலில் மகள் சொர்ணாவுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய பிள்ளை. விஜயஸ்ரீக்கு இருப்பது ஒரே தம்பி, களக்காட்டில் வாழை போட்டிருக்கிற காந்திமதிநாதன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் புதுமனைப் புகுவிழாப் பத்திரிகையில் அவன் பெயரைச் சித்தப்பாவின் பெயருக்குக் கீழே அச்சடித்துவிட்டார்கள். கை நனைக்காமல் கிளம்பிப் போய்விட்டான். 'இனி அவன்கூட ஒரு வார்த்தை பேசினா என் பேர மாத்திக்கிடுதேன்' என்று கார்த்திகேசனும் அன்றைக்கே சபதம் போட்டார். நடுவில் கிடந்து அல்லாடுவது அவள்தான்.

"ஊரு பேரு தெரியாதவனுக்குத் தெண்டம் அழுவீய. என் கூடப் பொறந்தவனுக்கு ஒரு போன் போட மாட்டீய, என்ன?"

"அவன் போடட்டுமே. எளையவன் அவன்தானே?" கார்த்திகேசன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வரலைன்னா, யாரு மடியிலயாவது வச்சுக் குத்திருவோம்."

"யாரு மடியிலயாவதா?" விஜயஸ்ரீயின் குரல் உடைந்தது. கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது.

நல்லவேளையாக வாசலில் கேஸ்காரர் மணியடித்தார். தப்பித்தோம் பிழைத்தோம் என்று பெட்டியையும் ஹெட்போனையும் சோபாவில் போட்டுவிட்டு ஓடினார் மனுஷர்.

பெட்டியின் திரையில் துப்பாக்கியும் கையுமாக ஒரு பொம்மை குதித்துக்கொண்டிருந்தது. இருந்த கோபமெல்லாம் அதன்மேல் திரும்பியது. குடியைக் கெடுக்க வந்த அந்தப் பஞ்சாப்காரனை இன்றைக்கு ஒரு வழி பண்ணாமல் விடுவதில்லை. இந்தி தெரியாவிட்டால் என்ன, திட்டுவதற்குத் திருநெல்வேலித் தமிழ் போதாதா?

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மைக்கைத் தட்டிவிட்டு, ஹெட்போனை மாட்டினாள். வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கத்துக் குரல் முந்திக்கொண்டது.

"அத்தான், இருக்கீயளா? மருமவளுக்குக் கம்மல் வாங்கியாச்சு. அக்காகிட்ட மட்டும் இப்பச் சொல்லிராதீய!"