கிணறு வெட்டிய வருஷம்

பாகப்பிரிவினை எல்லாம் சுமுகமாக நடந்து, கடைசியில் கிணற்றில் வந்து நின்றுவிட்டது. செஞ்சியிலிருந்து வந்திருந்த பத்திர எழுத்தர் தங்கராசு பேனாவை மூடினார்.

"நைனா கெணறு வெட்டறப்ப மண்ணு சுமந்தது நானு. அது எனக்குத்தான்," என்றான் ஜெயபால்.

"சுமந்தது நான்," என்றான் தம்பி வாசுபூஜ்யன்.

அடுக்களையிலிருந்து ஒரு பெண்குரல் கணீரென்று வந்தது. "ரெண்டு பேரும் இல்ல. அது நாப்பத்தேழாம் வருஷக் கோடை, பதினாறு வருஷம் ஆச்சு. பெரியவருக்கு அம்மை போட்டிருந்தது. சின்னவரு அவலூர்பேட்டையில மாமன் வீட்ல இருந்தாரு. கூடை கூடையா சுமந்தது இவங்க அம்மாதான்."

தங்கராசுவுக்குக் குரலை வைத்தே ஆளை எடைபோடத் தெரியும். "கண்ணால பாத்த பெரியவங்க, நீங்களே சாட்சிக் கையெழுத்து போட்டுடுங்கம்மா."

மோர்ச் செம்போடு வெளியே வந்தவளுக்கு இருபது வயதுகூட இராது.

"நான் சின்னவருக்கு வாக்கப்பட்டு இங்க வந்ததே போன தையிலதான். ஜைன வீடு, பொழுது சாயறதுக்குள்ள சாப்பாடு முடிஞ்சிடும். அப்புறம் இவங்க ரெண்டு பேரும் கடைத்தெருவுக்குப் போயிடுவாங்க. அத்தை பழசெல்லாம் சொல்லுவாங்க. கேக்க நான்தான் இருக்கேன்."

இருவரும் தூணோரம் உட்கார்ந்திருந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கெணத்துக் கதை இன்னும் பாதிதான் சொல்லியிருக்கேன்," என்றாள் அவள். "மீதி வேணும்னா ரெண்டு பேரும் இப்படி வந்து உக்காருங்க."